வாசகர் கேள்வி – பதில்: ஊருக்கு வெளியே ஒரு ஞாயிறு

பெங்களூருவில் வாழும் நம் வாசகர்கள் விடுமுறை நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பதில்களைவிடக் கேள்விகளே அதிகம் வந்தன. அவற்றில் கிராமப்புறம் பற்றிய ஆறு கேள்விகளை இந்த மாதத்துக்கு எடுத்துக்கொண்டேன். தருமபுரிப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, 30 ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகரில் வாடகை கொடுத்து வருகிறவன் என்பதைத் தவிர, பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை.

கேள்வி: சூரிய உதயம் பார்ப்பதற்காக அதிகாலை 3 மணிக்கே எழுந்து நந்தி மலைக்குக் கிளம்பினோம். மலைப்பாதையில் வாகன வரிசையில் நின்றபோதே விடிந்துவிட்டது. முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடியில்தான் உதயத்தைப் பார்த்தோம். இந்நகரைச் சுற்றிக் கிராமத்து அமைதி எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா?
— கணவன் மனைவி இருவரும் கணினித் துறையில் பணிபுரியும் வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: நந்தி மலையின் மேல் குற்றம் இல்லை. 1,478 மீட்டர் உயரமுள்ள மலை, நகரிலிருந்து 60 கிலோமீட்டரில் இருந்தால், ஊரே அங்கேதான் போகும். அடுத்த முறை மலைமேல் ஏறாமல் அடிவாரத்து நந்தி கிராமத்திலேயே இறங்கிவிடுங்கள். போகநந்தீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பல அரச மரபினர் தத்தம் காலத்தில் கட்டிச் சேர்த்த வளாகம் அது. போகநந்தீசுவரருக்குப் பக்கத்திலேயே அருணாசலேசுவரர் சந்நிதியும் இருக்கிறது. அருணாசலேசுவரர் குழந்தைப்பருவம், போகநந்தி இளமை, மலையுச்சியில் உள்ள யோகநந்தி துறவு என்று உள்ளூரார் சொல்வார்கள். விடிகாலையில் மலையுச்சிக்கு முண்டியடிக்கிறவர்கள் எல்லாரும் நேரே துறவுக்கே போகிறார்கள் என்று நான் கேலி செய்வதுண்டு.

அந்தக் கோயிலில் மண்டபத் தூண்களைப் பார்த்து முடித்தபின், நான்கு புறமும் படிகள் இறங்கும் குளக்கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காலை 8 மணி அளவில் வெயில் ஒரு பக்கத்துப் படிகளில் மட்டும் விழும்; எதிர்ப்பக்கத்துப் படிகள் பனியில் நனைந்தபடியே இருக்கும். நாம் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க, அந்த வெயில் ஒவ்வொரு படியாக இறங்கித் தண்ணீரைத் தொடும். பாலாறும் தென்பெண்ணையும் இந்த நந்தி மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. கடலூருக்கருகே கடலில் கலக்கிற பெண்ணையின் கதை இங்கே தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நம் ஊர் அவ்வளவு தொலைவில் இல்லை என்று தோன்றும்.

ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நந்திக்குப் போக, நகரத்தைத் தென்கோடியிலிருந்து வடகோடிவரை குறுக்கே வெட்டிக் கடக்க வேண்டும். உங்களுக்கு ஆனேக்கல் தாண்டித் தளிக்குப் போகும் சாலையே வசதி. மாநில எல்லை எங்கே கடந்தது என்பதைக் கடைப் பலகைகளின் எழுத்தை வைத்துத்தான் அறிய முடியும்; வயல்கள் இருபுறமும் ஒன்றே. இது ராகி அறுவடைக் காலம். அறுத்த கதிர்களைச் சாலையிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறித் தானியம் உதிர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒதுங்கிப் போகப் பார்த்துத் தடுமாறாதீர்கள். வேகத்தைக் குறைத்து, பிரேக்கை அழுத்தாமல், அதன்மேலேயே ஓட்டிச் செல்லுங்கள். இரு சக்கர வண்டியாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும், தாள் வழுக்கும். வயல்களின் ஓரத்தில், மரக்கிளைகளுக்கு நடுவே கட்டிய பரண்களையும் பார்ப்பீர்கள். ஜவளகிரிக் காட்டிலிருந்து ராகி தின்ன வரும் யானைகளை விரட்ட, உழவர்கள் அங்கே இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். ஆகையால் மாலை 5 மணிக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். நாம் அமைதி என்று தேடிப் போகிற அந்த இருட்டில், அங்கே ஒருவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை. இரண்டு பிள்ளைகளுடன் ஒரே நாளில், அதிகச் செலவில்லாமல், ரயிலிலேயே போய்வரத்தக்க இடம் சொல்ல முடியுமா?
— வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: கார் இல்லாதது குறையே அல்ல; மைசூரு ரயில் பாதையைப் பொறுத்தவரை அது பெரிய வசதி. காலையில் புறப்படும் பாசஞ்சர் அல்லது மெமு ரயிலில் முன்பதிவில்லாத சீட்டு எடுத்துக்கொண்டு ஏறுங்கள். கெங்கேரி கழிந்ததும் கட்டடங்கள் விலகும், பிடதி வரும். இட்லியைத் தட்டில் ஊற்றி வேகவைக்கும் தட்டெ இட்லிக்குப் பெயர்போன ஊர் அது. அடுத்து ராமநகரம். பெரும் பாறைக் குன்றுகள் ரயிலின் ஜன்னலுக்கே வந்து நிற்கும். பட்டுக்கூட்டுச் சந்தைக்கும் அந்த ஊர் பெயர்பெற்றது. அந்தக் குன்றுகளில் ஒன்றான ராமதேவர பெட்டாவில்தான் பாறுக் கழுகுகளுக்கென்று ஒரு சரணாலயம் இருக்கிறது.

நீங்கள் இறங்க வேண்டியது அடுத்துள்ள சென்னபட்டணத்தில். மரப்பொம்மை ஊர். கடைவீதியில் வாங்குவதோடு நின்றுவிடாமல், பொம்மை கடையும் பட்டறை ஒன்றைத் தேடிப் போய், பார்க்கலாமா என்று அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுப்பதில்லை. கடைசல் இயந்திரத்தில் ஒரு துண்டு மரம் சுழன்றுகொண்டிருக்கும். உளியை வைத்ததும் மரச்சீவல் நாடாவாகச் சுருண்டு விழும். இரண்டு நிமிடத்தில் கட்டை பம்பரமாகிவிடும். பிறகுதான் என் பிள்ளைகள் வாய் பிளந்து நின்ற காட்சி. வண்ணம் பூசுவதற்குத் தூரிகை இல்லை, டப்பா இல்லை. சிவப்பு அரக்குக் குச்சியை எடுத்து, சுழலும் மரத்தின்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி, மரத்தைச் சுற்றிச் சிவப்பாகப் படர்ந்துவிடும். கடைசியில் காய்ந்த தாழை மடலை வைத்து அழுத்துவார்கள்; மங்கலாக இருந்த சிவப்பு, ஒரு நொடியில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும்.

அந்த மரத்தின் பெயர் கன்னடத்தில் ஹாலெ. பேச்சில் ஆலெ என்பார்கள். ஆலமரம் என்று நினைத்துவிடாதீர்கள், நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். அது நம் வெட்பாலை. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது வழக்கம்: பால் ஹாலு ஆனதுபோலப் பாலை ஹாலெ ஆயிற்று. கிளையை ஒடித்தால் பால் வடிகிற மரத்துக்கு இரண்டு மொழியிலும் ஒரே பெயர்.

திரும்பும்போது மத்தூர் வடை உங்களைத் தேடி ரயிலுக்குள்ளேயே வரும். ரவை, மைதா, அரிசி மாவு, வெங்காயம் சேர்த்துத் தட்டிப் போடும் வடை அது. வண்டி வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்ட ஒரு நாளில், அவசரத்துக்கு மாவைத் தட்டையாக்கிப் பொரித்ததில் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உளுந்து வடையை எதிர்பார்த்துக் கடிக்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். முறுக்குக்கும் வடைக்கும் நடுவிலான ஒன்றாக நினைத்துச் சாப்பிட்டால் பிடிக்கும். பிள்ளைகளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைக்க, போகும்போது சற்று முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பண்ணை வீடு, கிராமியத் தங்கல் என்று விளம்பரங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. நால்வருக்கு ஒரு நாள் கட்டணம் எங்கள் பாதி மாத மளிகைச் செலவுக்கு நிகராக இருக்கிறது. கொடுக்கத் தகுமா?
— வாசகர், பானஸ்வாடி

பதில்: ஒருமுறை நானும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். நகருக்கு வடக்கே, பெயர் வேண்டாம், ஓர் இடம். மாட்டுவண்டிச் சவாரி உண்டு என்று எழுதியிருந்தார்கள். சிமெண்டுத் தளம் போட்ட வட்டப் பாதையில் வண்டி மூன்று சுற்றுச் சுற்றியது. சுற்றி முடித்ததும் காளைகள் தாமாகவே நின்றுவிட்டன; மூன்றுக்கு மேல் இல்லை என்பது அவற்றுக்கே தெரிந்திருந்தது. மதியம் வாழையிலையில் பரிமாறிய பருப்பு சாம்பார், எங்கள் தெருமுனை உணவகத்தில் கிடைப்பதேதான். பக்கத்து வயலில் என்ன பயிர் என்று பணியாளரிடம் கேட்டேன். மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை.

அன்றிலிருந்து, பணம் கட்டும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்கிறேன். இந்த மாதம் உங்கள் நிலத்தில் என்ன நிற்கிறது? சமைப்பவர் எந்த ஊர்? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தால் அது பண்ணை. "எல்லாமே இருக்கிறது சார்" என்றால் அது விடுதி. இரண்டாவது கேள்விக்கு அக்கம்பக்கத்து ஊரின் பெயர் வந்தால், தட்டில் ராகி முத்தெயும் பஸ்ஸாரும் வருவதற்கு வாய்ப்பு உண்டு. பஸ்ஸாரு என்பது, கீரையும் பருப்பும் வெந்த நீரை வடித்தெடுத்துத் தாளித்துச் செய்யும் சாறு. வெந்த கீரை தனியே பொரியலாகிவிடும். தருமபுரிக்காரனாகிய எனக்கு முத்தெ புதிதல்ல, அது எங்கள் களியேதான். நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்லிக் கொடுக்க வேண்டும்: களியை மெல்லக் கூடாது. கிள்ளி, உருட்டி, சாறில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு, இனி இது வேண்டாம் என்று முகம் சுளிப்பார்கள்.

உண்மையான மாடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டணமே தேவையில்லை. தொட்டபள்ளாபுரத்துக்கு அருகில் உள்ள காட்டி சுப்ரமண்யாவில், டிசம்பர் – ஜனவரி வாக்கில் நடக்கும் தேர்த் திருவிழாவை ஒட்டி மாட்டுச்சந்தை கூடும். பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்புகளுடைய ஹள்ளிகார் காளைகள், கொம்புக்கு எண்ணெய் பூசி, பந்தல் நிழலில் வரிசையாக நிற்கும். அந்தக் கோயிலில் சுப்பிரமணியரும் நரசிம்மரும் ஒரே கல்லில் எதிரெதிர்த் திசை நோக்கி இருக்கிறார்கள். பின்பக்கம் உள்ள நரசிம்மரைத் தரிசிக்கக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் பழைய செருப்பு அணிந்து போவது நல்லது.

கேள்வி: எனக்கு வயது 71, மூட்டுவலி. வார இறுதியில் பேரப்பிள்ளைகள் வந்தால் ஆளுக்கொரு கைபேசியோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மலை ஏற என்னால் ஆகாது. என்ன செய்யலாம்?
— வாசகி, அல்சூர்

பதில்: அம்மா, வெளியே போக வேண்டுமென்றால் சமதளமான இடம் ஒன்று இருக்கிறது. மைசூரு சாலையிலிருந்து பிரிந்து, ராமோஹள்ளிப் பக்கம் போனால் தொட்ட ஆலத மர என்கிற பேராலமரம் வரும். நகரிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர். 400 ஆண்டுக்கு மேற்பட்ட அந்த ஆலமரம் சுமார் 3 ஏக்கரில் விழுதூன்றி நிற்கிறது. தாய்மரம் நோயுற்று மடிந்து, இப்போது இருப்பவை எல்லாம் விழுதுகள்தான். எது முதல் மரம் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லிவிட்டு நீங்கள் நிழலில் உட்காரலாம். தின்பண்டப் பையை மட்டும் மடியைவிட்டு இறக்காதீர்கள், குரங்குகள் மிகுதி.

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இது அவரைக்காய்க் காலம். நாம் மொச்சை என்கிறோமே, அதைத்தான் இங்கே அவரேகாய் என்கிறார்கள். மாகடிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காயை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பனியில் விளைந்த காயில் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு தனி மணமும் இருக்கும். கன்னடத்தில் அதற்குச் சொகடு என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 3 கிலோ வாங்கிக் கூடத்தின் நடுவில் பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டிவிடுங்கள். சனிக்கிழமை மாலை உரித்து, கொட்டைகளை இரவு தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டால், ஞாயிறு காலை பிதுக்குவதற்குப் பதமாக இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொட்டையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால், தோல் கையில் நிற்கும். பச்சைப் பருப்பு துள்ளிப்போய் எதிரே இருப்பவர் மேல் விழும். விழுந்தபின் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. என் அக்கா வீட்டில் இதைப் போட்டியாகவே வைத்தார்கள். 9 வயதுப் பேத்தி வென்றாள், அவளுடைய தாத்தாவின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு முறை அடி விழுந்தது.

பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றுவதா, வெறும் மிளகாய்த்தூளில் நிறுத்துவதா என்பது அவரவர் ஊர்ப் பழக்கம். எங்கள் வீட்டில் கசகசா உண்டு.

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் இரு சக்கர வண்டிகளில் போகிறோம். அருவி, மலையேற்றம், குளியல் மூன்றும் ஒரே நாளில் கிடைக்கும் இடம் எது?
— கல்லூரி மாணவர், ராமமூர்த்தி நகர்

பதில்: மூன்றையும் ஒரே நாளில் தேடினால் மூன்றிலும் அரைகுறைதான் மிஞ்சும், தம்பி. அருவி வேண்டுமென்றால் ஆனேக்கல் பக்கத்து முத்யால மடுவு இருக்கிறது. ஆனால் மழை பெய்து ஓய்ந்த வாரங்களில்தான் அங்கே நீர் விழும். கோடையில் போனால் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். மலை வேண்டுமென்றால் மாகடி அருகே சாவனதுர்கா. 1,226 மீட்டர் உயரம். ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும். ஈரம் இருந்தால் அந்தப் பாறையில் ஏறவே கூடாது. ஏறும்போது தெரியாத சரிவு இறங்கும்போது தெரியும். சாவனதுர்கா, ஸ்கந்தகிரி போன்ற மலையேற்றங்களுக்கு வனத்துறையின் சூழல் சுற்றுலா இணையதளத்தில் முன்பதிவு செய்து, அனுமதிச் சீட்டோடு போக வேண்டும். பூட்டிய வாயிலைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் கூட்டிப்போவதாகச் சொல்லும் ஆள்களை நம்பாதீர்கள்.

குளியல் என்றீர்களே, கைவிடப்பட்ட கல் குவாரிகளில் தேங்கிய பச்சை நீர் படத்தில் அழகாக இருக்கும். உள்ளே கரை என்பதே கிடையாது. இறங்கிய இடத்திலேயே ஆழம். அங்கே கால்கூட நனைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து குளியுங்கள்.

கேள்வி: 6 ஆண்டுகளாக இங்கே இருந்தும் எனக்குக் கன்னடம் சரளமாக வரவில்லை. நகரத்துக்குள் சமாளித்துவிடுகிறேன். கிராமத்துக்குப் போனால் பேசத் தயக்கமாக இருக்கிறது. தவறாகப் பேசினால் மனம் நோகுமோ?
— வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: பேசாமல் இருந்தால்தான் நோகும். ஆனேக்கல், மாலூர், கோலார்ப் பக்கத்துக் கிராமங்களில் கன்னடத்தோடு தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்குகின்றன. நீங்கள் ஒரு மொழியில் தொடங்கினால் மூன்றில் ஒன்றில் பதில் கிடைத்துவிடும். வயதானவர்களை அஜ்ஜி, அஜ்ஜா என்று அழையுங்கள். எங்கேயும் "ஊட்டா ஆய்தா?" என்று தொடங்கலாம், நம் "சாப்பிட்டாச்சா"வுக்கு நேர்ச்சொல். வழி கேட்பதற்கு முன் இதைக் கேட்டால், வழியோடு சேர்த்து இன்னும் பலவும் சொல்வார்கள்.

தவறாகப் பேசிய என் கதையைச் சொல்கிறேன். இந்நகருக்கு வந்த புதிதில் மாகடிப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்து களைத்து, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து வந்த பாட்டியம்மாவிடம் மோர் வேண்டும் என்று கேட்க நினைத்து, "மஜ்ஜிகெ பெக்கு" என்றேன். வேண்டும் என்பதற்கு பேகு என்று நீட்டிச் சொல்ல வேண்டும். பெக்கு என்று குறுக்கி அழுத்திச் சொன்னால் பூனை. அவர் என்னையும், திண்ணையின் மறுகோடியில் சுருண்டு படுத்திருந்த பூனையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, பூனையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.